நாளைக்கு நிற்காத கள்

கோலாலம்பூரில் ஒரு நண்பரின் அடுக்குமாடி வீட்டில்தான் முதன்முதலாக நல்ல பிரெஞ்சு ஒயின் குடித்தேன். வேலை நிமித்தமாக போர்தோ போய்வந்த நண்பர், மெடோக் வட்டாரத்துச் சிவப்பு ஒயின் ஒரு போத்தல் வாங்கி வந்திருந்தார். பத்து வருடம் பழையது. அதைத் திறப்பதே ஒரு சடங்கு மாதிரி இருந்தது. முதலில் சிறிது நேரம் குளிர்பெட்டியில் வைத்தார். "அறை வெப்பத்துல குடிக்கணும்னு சொல்றாங்களே, அது ஐரோப்பாக்காரன் அறை. பதினாறு பதினெட்டு டிகிரி. நம்ம அறை முப்பது" என்றார். பிறகு தக்கையைத் திருகி எடுத்து, கண்ணாடிக் குடுவையில் மெல்லச் சாய்த்து ஊற்றி, அரை மணி நேரம் காற்றாட விட்டார். போத்தலின் அடியில் தங்கிய கசடை எனக்குக் காட்டினார்.

முதல் வாயில் நாக்கின் இரண்டு ஓரத்தையும் யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. மங்குஸ்தீன் பழத்தைக் கத்தி இல்லாமல் பல்லால் கடித்துத் திறந்தவர்களுக்கு இது தெரியும். அந்த ஊதாத் தோல் நாக்கில் பட்டதும் வாயெல்லாம் சுருங்குமே, அதேதான். நண்பர் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். பிளாக்கரண்ட் பழம், சீடர் மரம், புகையிலை, பழைய தோல் பை, மழை பெய்த மண். பிளாக்கரண்ட் பழத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு அது ரிபேனாதான். ஆனால் மழை பெய்த மண் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் புகையிலையும் வந்தது.

ஒரு குவளையைப் பற்றி நாங்கள் ஒரு மணி நேரம் பேசினோம். வீட்டுக்குத் திரும்பும்போது தாத்தா நினைவுக்கு வந்தார். அவரும் குடித்தவர்தான். குடும்பத்தில் அவரைப் பற்றிப் பேசினால் குடியில்தான் தொடங்கும், குடியில்தான் முடியும். ஆனால் அவர் குடித்த கள் எப்படி இருந்தது என்று யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. எவ்வளவு குடித்தார் என்பதை மட்டும்தான் கேட்டார்கள்.

மிச்சமிருந்த ஒயினை ஒரு சின்னப் போத்தலில் அடைத்து, ஞாயிற்றுக்கிழமை தஞ்சோங் காராங்கிற்கு எடுத்துக்கொண்டு போனேன். பாட்டி அங்கே தாமான் வீட்டில் சித்தப்பாவோடு இருக்கிறாள். கள்ளின் சுவையை அறிந்த ஆள் எங்கள் குடும்பத்தில் இன்னும் யாராவது உண்டென்றால் அது அவள்தான் என்று எனக்குத் தோன்றியது. கள்ளை மீட்டெடுக்கும் ஒரு கட்டுரையை அப்போதே மனதில் எழுதத் தொடங்கிவிட்டேன். பிரெஞ்சுக்காரனின் புளித்த சாறு பண்பாடு, நம்முடையது மட்டும் அவமானமா என்று கேட்கும் கட்டுரை அது. இப்போது நீங்கள் படிப்பது அந்தக் கட்டுரை இல்லை.

*

முதலில் ஒயினைச் சொல்லிவிடுகிறேன்.

மெடோக்கில் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் திராட்சை பறிப்பார்கள். காபர்னே சோவின்யோன், மெர்லோ என்ற இரண்டு வகைகள்தான் முக்கியம். பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளைப் பிழிந்தால் வரும் சாற்றுக்கு நிறமே கிடையாது. நிறம் தோலில்தான் இருக்கிறது. அதனால் காம்பை நீக்கி, பழத்தை உடைத்து, தோலோடும் விதையோடும் தொட்டியில் போடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமும் கரியமில வாயுவுமாக மாற்றுகிறது. பொங்கும் வாயு தோல்களை மேலே தள்ளுவதால் அவை கெட்டித் தொப்பி போல மிதக்கும். அடியிலிருக்கும் சாற்றை இறைத்து அந்தத் தொப்பியின்மேல் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று வாரம் இது நடக்கும். இந்த நாட்களில் தோலிலிருந்து நிறமும், தோலிலிருந்தும் விதையிலிருந்தும் டானினும் இறங்கும். டானின் என்பது நமக்குப் புதிதல்ல. கடுந்தேநீரிலும் பாக்கிலும் மங்குஸ்தீன் தோலிலும் இருப்பது அதுதான். அறுசுவையில் அதற்கு ஒரு இடமே கொடுத்து, துவர்ப்பு என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

பிறகு சாற்றை வடித்து, சக்கையைப் பிழிகிறார்கள். அடுத்து ஒருவகை பாக்டீரியா வேலையைத் தொடங்கும். பச்சை ஆப்பிளில் இருக்கும் கூர்மையான அமிலத்தை அது பாலில் இருக்கும் மென்மையான அமிலமாக மாற்றுகிறது. அதன்பின் 225 லிட்டர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாய்களில் ஒரு வருடம், ஒன்றரை வருடம், சில சமயம் அதற்கும் மேல் வைக்கிறார்கள். கசடு இறங்க இறங்கப் பீப்பாய் மாற்றுவார்கள். முட்டை வெள்ளைக்கருவை அடித்து ஊற்றித் தெளிய வைப்பதும் உண்டு. போத்தலில் அடைத்த பிறகும் வேலை முடியவில்லை. வருடக்கணக்கில் டானின்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, துவர்ப்பு மட்டுப்பட்டு, அடியில் கசடாகத் தங்கும். நண்பர் எனக்குக் காட்டிய கசடு பத்து வருடக் காத்திருப்பின் மிச்சம்.

காத்திருக்க இடம் வேண்டும், பீப்பாய் வேண்டும், அதுவரை சாப்பிடக் காசும் வேண்டும். போர்தோவின் பெரிய தோட்டங்கள் அறுவடைக்கு அடுத்த வசந்தத்திலேயே, ஒயின் பீப்பாயில் கிடக்கும்போதே, அதை விற்றுவிடுகின்றன. வாங்குகிறவர் பணத்தைக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் பொறுத்திருப்பார். 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காக மெடோக் தோட்டங்களை ஐந்து படிநிலைகளாகத் தரகர்கள் பிரித்தார்கள். எந்த ஒயின் சந்தையில் எவ்வளவு விலை போகிறது என்பதை வைத்துப் போட்ட பட்டியல் அது. படிநிலையில் உயர்ந்த தோட்டம் அதற்குப் பிறகு ஒன்றே ஒன்றுதான். 1973இல் முத்தோன் ரோத்ஷில்ட் இரண்டாம் நிலையிலிருந்து முதல் நிலைக்குப் போனது. ஒருமுறை பெயர் கிடைத்துவிட்டால் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும்.

*

கள் இதற்கு நேர்மாறானது.

தென்னம்பாளை வெடிப்பதற்கு முன்பே அதை நாரால் இறுக்கிக் கட்டுவார்கள். சின்னக் கட்டையால் பக்குவமாகத் தட்டுவார்கள். ஓங்கித் தட்டினால் பாளை கெட்டுவிடும், மெதுவாகத் தட்டினால் ஊறாது. நுனியைச் சீவி, தட்டி, கட்டி, இப்படிச் சில நாள் பழக்கிய பிறகுதான் பாளை சொட்டும். பிறகு முட்டியைக் கட்டிவிட்டுக் காலையும் மாலையும் மரமேறி, ஒவ்வொரு முறையும் நுனியில் மெல்லியதாக ஒரு சீவல் எடுக்க வேண்டும்.

சொட்டும்போது அது தெளிந்த இனிப்பு நீர். நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கு சர்க்கரை. முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் புளிக்காமல் பதநீராக இறங்கும். தடவாவிட்டால், முந்தின நாள் முட்டியில் ஒட்டிய ஈஸ்டும் காற்றில் வந்த பாக்டீரியாவும் மரத்தின் மேலேயே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது இனிப்பாக, நாக்கில் லேசாகச் சுறுசுறுவென்று இருக்கும். மதியத்தில் பால் போல வெளுத்து, மோரின் புளிப்பும் ஆப்ப மாவின் வாசமும் வரும். சாயங்காலம் கடுக்கும். அதற்குள் நூற்றுக்கு நான்கைந்து பங்கு சாராயம் ஏறியிருக்கும். மறுநாள் அதுவே காடியாகத் திரும்பத் தொடங்கும். போர்தோவில் பல வருடம் எடுக்கும் ஒரு வாழ்க்கையைக் கள் ஒரே நாளில் வாழ்ந்து முடிக்கிறது.

இதற்குக் காரணம் சொல்வது சுலபம். ஒயினில் சாராயம் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு. அமிலமும் டானினும் காவலுக்கு நிற்கின்றன. கள்ளுக்குத் தோலும் இல்லை, விதையும் இல்லை. முப்பது டிகிரி வெயிலில் திறந்த முட்டியில் கிடக்கிறது. ஆனால் வேதியியல் பாதிக் காரணம்தான். பிரெஞ்சு ஒயினும் ஒரு காலத்தில் வழியிலேயே புளித்துக் கெட்டுக்கொண்டிருந்தது. வணிகத்துக்கே ஆபத்து என்றதும் 1863இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அதை ஆராயச் சொல்லி லூயி பாஸ்டரைக் கேட்டுக்கொண்டார். ஒயினின் நோய்களைப் பற்றிய அவருடைய புத்தகம் 1866இல் வந்தது. இன்று நாம் குடிக்கும் பாலின் பெட்டியில் இருக்கும் 'பாஸ்டர் முறை' என்ற சொல், ஒயினைக் காப்பாற்றப் போன இடத்தில் பிறந்தது.

தமிழர்களுக்கு முதிரவைக்கத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. மூங்கில் குழாயில் நெடுநாள் விளையவைத்த தேன் தேறலைக் குறவர்கள் குடிப்பதைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மதுவைப் பற்றிப் பாடுகிறார். 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய அரிக்கமேட்டில் மத்தியதரைக் கடல் நாடுகளின் ஒயின் ஜாடித் துண்டுகள் கிடைத்தன. இலங்கையில் தென்னங்கள்ளைக் காய்ச்சி, ஹல்மில்ல மரத் தொட்டிகளில் வருடக்கணக்கில் வைத்து, அரக்கு என்று பெயரிட்டு விற்கிறார்கள். யாராவது காத்திருக்கத் தயாராக இருந்தால் கள்ளும் காத்திருக்கும்.

மலாயாத் தோட்டத்தில் அப்படிக் காத்திருக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. சாயங்காலம் வந்தால் கள் தீர வேண்டும். காலையில் பிரட்டுக்கு ஆள் வர வேண்டும். அவ்வளவுதான்.

*

ஒயின் தேசத்து ஆளும் கள் குடித்த ஆளும் ஒரே மண்ணில் நின்ற இடம் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆன்றி ஃபோக்கோனியே 1879இல் பிரான்சின் ஷராந்த் மாவட்டத்தில், பார்பெசியூ என்ற ஊரில் பிறந்தவர். கோன்யாக் வடிக்கும் வட்டாரம் அது. வெள்ளை ஒயினைக் காய்ச்சி ஓக் பீப்பாயில் முதிரவைத்தால் கோன்யாக். அவர் பிறந்த காலத்தில் ஃபைலோக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி அந்த நாட்டுத் திராட்சைத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டித்தான் பிழைத்தார்கள். மண்ணின் சுவை என்று பெருமையாகச் சொல்லப்படும் இன்றைய போர்தோ கொடிகளிலும் பெரும்பாலானவை அயல் வேரில்தான் நிற்கின்றன.

ஃபோக்கோனியே 1905இல் இந்தப் பக்கம் வந்தார். சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் போட்டார். பெல்ஜியத்துக்காரர் அத்ரியான் ஆலே சுமத்ராவில் வளர்த்த செம்பனையின் விதைகள் அவர் வழியாக இங்கே வந்தன. 1917இல், பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில், மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நடப்பட்டது. இன்று அந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். தோட்டத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: தென்னமரம். ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் எங்கள் வாயில் அது தென்னமரம்தான். நாடு முழுக்கத் தென்னையையும் ரப்பரையும் பின்னால் தள்ளிய செம்பனை, தென்னையின் பெயர் கொண்ட தோட்டத்திலிருந்து கிளம்பியது.

அவர் எழுதிய 'மலேஸி' நாவல் 1930இல் கோன்கூர் பரிசு பெற்றது. தோட்டக்காரனின் பார்வையில் எழுதப்பட்ட அழகான புத்தகம். தமிழ்த் தொழிலாளர்களும் அதில் வருகிறார்கள். ஆனால் அவர்கள் பார்க்கப்படுகிறவர்களாக வருகிறார்கள். பார்க்கிற கண் அவர்களுடையதல்ல. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. தன் ஒயினுக்கு மொழி உள்ளவனுக்குத் தன் தனிமைக்கும் மொழி இருக்கும். லயத்தில் இருந்தவனின் சாயங்காலத்தை எழுத அப்போது ஆளில்லை.

*

அந்தச் சாயங்காலம் கள்ளுக்கடையில் கழிந்தது.

மலாயாத் தோட்டக் கள்ளுக்கடை தானாக முளைத்ததல்ல. உரிமம் பெற்று, நேரம் குறித்து, பல இடங்களில் நிர்வாகமே நடத்திய கடை. வேலை முடியும் நேரத்துக்குத் திறக்கும். லயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும். தோட்டக் கடையில் வரும் லாபத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும் என்றும் ஏற்பாடு இருந்தது. அதாவது, குடித்தவன் காசில் பாதி போதையாகவும் மீதி அவனுக்கே நலத்திட்டமாகவும் திரும்பி வரும். கடையை மூடினால் கள்ளச்சாராயத்துக்குப் போவார்கள், கள்ளில் சத்து இருக்கிறது, உடம்புவலிக்கு நல்லது என்று துரைமார் தரப்பில் நியாயங்கள் சொல்லப்பட்டன. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருந்ததுதான் சிக்கல்.

பிரெஞ்சுக்காரர்களும் தங்கள் ஆட்களை இப்படித்தான் வைத்திருந்தார்கள் என்பதை இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போதுதான் அறிந்தேன். 1855ஆம் ஆண்டுப் பட்டியல் ஒயின் பணக்காரர்களுக்கு. ஏழைகளுக்கு லாங்கெடோக் பகுதியின் மலிவுச் சிவப்பு. 1907இல் விலை விழுந்து அந்தப் பகுதியின் திராட்சைக்காரர்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தபோது, நார்போன் நகரில் ராணுவம் சுட்டது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சிப்பாய்க்கு 1914இல் நாளுக்குக் கால் லிட்டர் ஒயின், 1916இல் அரை லிட்டர். 'பினார்' என்று செல்லப் பெயர். சேற்றில் நின்று சாகப் போகிறவனை மறுநாளும் நிற்க வைக்க அது தேவைப்பட்டது. பள்ளி உணவகங்களில் பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மது தரக்கூடாது என்று பிரான்ஸ் சொன்னது 1956இல்தான். நண்பர் வீட்டுக் கோப்பையிலும் தாத்தாவின் தகரக் குவளையிலும் இருந்தவை வேறு வேறு. ஆனால் சிப்பாயின் குவளையும் தாத்தாவின் குவளையும் ஒன்றுதான்.

எங்கள் ஆட்கள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னணியில் நின்றவர் தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர். எச். நாதன். அவர்கள் வைத்த கோரிக்கைகளை இப்போது படித்தாலும் கை நடுங்குகிறது. சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி. பிள்ளைகளுக்குக் கல்வி. ஒழுங்கான மருத்துவம். பெண்களிடம் யாரும் தவறாக நடக்கக்கூடாது. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை. உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது. இவற்றோடு, அதே பட்டியலில், கள்ளுக்கடையை மூடு. மே மாதம் நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து, ராணுவத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

போர் முடிந்து கெடாவில் தொண்டர் படை எழுந்தது. ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி தலைமையில் இளைஞர்கள் கள்ளுக்கடைகளை மறித்தார்கள். 1947 பிப்ரவரி 28 அன்று பீடோங்கில் கள்ளுக்கடை மறியலைப் போலீஸ் கலைத்தபோது ஒரு தொழிலாளி உயிரிழந்தார். கடையை மூடச் சொன்னவன் ஒழுக்கம் போதிக்க வந்தவன் அல்ல. சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்றவனும் அவனும் ஒரே ஆள். மறுநாள் காலை தெளிந்த தலையோடு எழ வேண்டும் என்று அவன் நினைத்தான். தோட்டத்தில் அது பெரிய ஆசை.

கள்ளைப் புகழ்ந்து எழுதப் போன எனக்கு இங்கேதான் பேனா நின்றது.

*

தஞ்சோங் காராங் என்றால் இன்று எல்லோருக்கும் நெல்வயல்தான். சாலையோரத்தில் படம் எடுக்க நகரத்து ஆட்கள் நிற்கிறார்கள். பாட்டி இருந்த தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் இடிந்து, பங்களாதேஷ், இந்தோனேசியத் தொழிலாளர்களின் இடமாகிவிட்டது. கடை இருந்த இடத்தைப் பாட்டி மட்டும்தான் அடையாளம் காட்டுவாள்.

அவள் 1941இல் பிறந்தவள். கிள்ளான் வேலைநிறுத்தம் நடந்த வருடம். நான் நீட்டிய ஒயினை ஒரு மடக்கு வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"பாக்கு ஊறவச்ச தண்ணி மாதிரி இருக்கு. எவ்வளவு?"

விலையைச் சொன்னேன். இன்னொரு மடக்கு குடித்தாள்.

"மோசமில்ல. பொறவு வாசம் வருது."

நண்பர் ஒரு மணி நேரம் சொன்னதை அவள் மூன்று வார்த்தையில் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு கேட்க வந்ததைக் கேட்டேன். கள் எப்படி இருக்கும் பாட்டி?

"காலைக் கள்ளு நல்லாருக்கும். புள்ளத்தாச்சிக்குக்கூட ஒரு வாய் குடுப்பாங்க. ஆப்பத்துக்கு ஊத்துனா பஞ்சு மாதிரி வரும்." கொஞ்சம் நிறுத்தினாள். "சாயங்காலக் கள்ளு எப்படி இருக்கும்னு எனக்கு நாக்குல தெரியாது. உங்க தாத்தா மேல மோந்துதான் தெரியும். சம்பளத்தன்னைக்கு நாங்க பொம்பளைங்க கடைக்குப் போற பாதையில நிப்போம். கையில காசு இருக்கையிலயே புடுங்கிடணும். புடுங்குனா அடி. புடுங்கலேன்னா பட்டினி. ரெண்டுல ஒண்ணு. ஒனக்கு என்னாடா, கதை எழுதக் கெடைச்சிருச்சு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் வலித்தது.

கடையை மூடச் சொல்லித் தோட்டத்துப் பெண்கள் மானேஜர் ஆபீசுக்கு முன்னால் போய் நின்ற கதையை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். அவளும் நின்றிருக்கிறாள், இடுப்பில் என் அத்தையோடு. உடனே நடக்கவில்லை. சில வருடம் கழித்து, எதனாலோ, கடை மூடப்பட்டது. அடுத்த மாதமே சம்சு வந்தது. யாரோ எங்கேயோ காய்ச்சி, சின்னச் சின்னப் போத்தலில், பெயர் ஒட்டாமல் வந்தது. கள் நான்கைந்து பங்கு என்றால் இது நாற்பதுக்குக் குறையாது. என்ன கலந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. தாத்தா மூன்று வருடத்தில் செத்துப்போனார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

"கள்ளு வருசக்கணக்கா தின்னுச்சு. சம்சு மாசக்கணக்குல முடிச்சிருச்சு" என்றாள்.

கேட்கக்கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன். கடையை மூடச் சொன்னது தப்பு என்று எப்போதாவது தோன்றியதுண்டா?

பாட்டி ஜன்னல் பக்கம் பார்த்தாள். பதில் வர நேரமானது.

"மூடச் சொன்னது தப்பில்ல. மூடுனவன் வேற ஒண்ணையும் தொறக்கல. அதான்."

இந்த ஒரு வரிக்கு எதிரே என் ஒப்பீடுகள் எல்லாம் மெலிந்துபோயின. சாயங்காலத்தில் ஒரு மனிதன் போவதற்கு அந்தத் தோட்டத்தில் இருந்த இடம் அது ஒன்றுதான். நாதனின் பட்டியலில் கள்ளுக்கடை தனியாக இருக்கவில்லை. கூலியும் பள்ளியும் மரியாதையும் கூடவே இருந்தன. கடைக்கு மட்டும் பூட்டுப் போட்டால் என்ன நடக்கும் என்பது எங்கள் வீட்டில் நடந்தது. இப்போதும் நடக்கிறது, ஆட்கள்தான் மாறியிருக்கிறார்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்கள் குடித்தது எப்படி இருந்தது என்றும் யாரும் கேட்கவில்லை.

கிளம்பும்போது பாட்டி ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தாள். கடையில் வாங்கிய வினிகரில் போட்டது. அதில் அவளுக்குத் திருப்தி இல்லை. தோட்டத்தில் இருந்தபோது மரமேறுகிறவரிடம் மிச்சக் கள்ளை வாங்கி, மண் ஜாடியில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, அடுப்பு மூலையில் வைத்துவிடுவாளாம். மாசம் ரெண்டு மாசம் அப்படியே இருக்கும். நல்ல காடியாகும். அந்தக் காடியில் போட்ட ஊறுகாய் ஒரு வருடம் கெடாது, லயத்தில் ஆறு வீட்டுக்குப் போகும்.

"எவ்வளவு நாள் ஆனா காடி நல்லாருக்கும்?" என்று கேட்டேன்.

"அவசரப்படக் கூடாது. அதுவா சொல்லும்" என்றாள்.